இதர செலவினம்

மார்ச் என்றால் எங்களுக்கு
வெயில் இல்லை, படிவம்.
எந்தத் துறையில் எவ்வளவு பணம்
செலவாகாமல் மிச்சம் கிடக்கிறது என்று
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
விசாரிக்கிறார் டாக்டர் நிலோஃபர்.
கை இரண்டும் யாரோ ஒருவரின்
கடைவாய்க்குள்.

வியாசர்பாடி. ரேஷன் கடைக்கு மேல் மாடி.
ஒரே ஒரு நாற்காலி.
சாய்ந்தால் நிமிராது, நிமிர்ந்தால் சாயாது.
இடையில் ஒரு செங்கல்
நிலைமையைச் சமாளிக்கிறது.
நான் எத்திராஜன், கணக்கு எழுதுகிறவன்.
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும் நான்தான்.

படிவம் பதினேழு பக்கம்.
நான்காம் பக்கம்: பயனாளியின் ஆண்டு வருமானம்.
மூட்டை தூக்கும் ஆரோக்கியதாஸிடம் கேட்டேன்.
வாயில் பஞ்சு.
மூன்றாவது தடவை சொன்னபோதுதான் புரிந்தது:
"எந்த ஆண்டு?"

ஒன்பதாம் பக்கம்: அகற்றப்பட்ட பற்கள்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று.
எழுதக் கட்டம் இருக்கிறது.
பிடுங்காமல் விட்டதற்குக் கட்டம் இல்லை.
மீன் விற்கும் சகாயமேரியின் முன்பல் இரண்டும்
நாலு வாரம் வேர் சிகிச்சை பார்த்து
இன்னும் அவள் வாயில்தான் இருக்கின்றன.
விலை சொல்லும்போது இப்போதெல்லாம்
முந்தானையால் வாயை மூடுவதில்லை.
வஞ்சிரத்துக்கு ஐம்பது ரூபாய்
கூட்டியே சொல்கிறாள்.
இதை எந்தப் பக்கத்தில் எழுத?

தேனாம்பேட்டை, மூன்றாவது மாடி, லிப்ட் பழுது.
கோப்பைப் புரட்டியவர் நல்லவர்தான்.
உட்காரச் சொன்னார்.
"பல்லுக்குன்னு தனித் தலைப்பு கிடையாது சார்.
கண்ணுக்கு இருக்கு. காசத்துக்கு இருக்கு.
பிரசவத்துக்கு இருக்கு.
பல்லு வந்து... இதரவுல வரும்.
இதரவுல இந்த வருஷம்
நாற்காலி வாங்கியாச்சே."
"எங்களுக்கும் நாற்காலிதான் சார் வேணும்."
"இது ஆபீஸ் நாற்காலி."
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
என் சிரிப்புக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு,
பல்லிளிப்பு.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
இங்கே மாடு வரவே இல்லை,
கொடுக்கிறவர் எங்கள் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்.
மூன்று வருடத் தணிக்கை அறிக்கை,
சங்கப் பதிவு, பான் எண்,
பிடுங்கிய பல் எந்த வண்டியில் எங்கே போகிறது,
மாடியின் சொந்தக்காரர் யார்,
அவர் சம்மதம் இருபது ரூபாய்ப் பத்திரத்தில்.
கூடவே ஒரு பயன்பாட்டுச் சான்றிதழ்,
இன்னும் வராத பணத்துக்கு.

முப்பத்தோராம் தேதி, மாலை நாலரை.
பதினாறு பக்கம் ஏறிவிட்டது.
பதினேழாவது: சமூகத் தாக்கம்,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
நான் எழுதியது நாற்பது சொல்.
அதில் பத்து, வஞ்சிரம் பற்றி.
டாக்டர் படித்தார், அடிக்கவில்லை,
"வஞ்சிரத்துக்கு எத்தனை சுழி?" என்று மட்டும்
கேட்டுவிட்டுப் போனார்.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மாடிப்படியில் ஏழு பேர்,
ஏழு பேரும் கன்னத்தில் கை வைத்து.
தூரத்திலிருந்து பார்த்தால்
எதையோ யோசிக்கிற கூட்டம் போல.
முன்னால் நின்றவர் குப்பை வண்டி ஓட்டுகிறவர்,
பச்சைச் சட்டையோடே வந்திருந்தார்.

"பிடுங்க எவ்ளோ சார்?"
"பணம் வேணாம்."
"காப்பாத்த?"

நான் கணினியைப் பார்த்தேன்.
வட்டம்.
மணி நாலு ஐம்பத்தெட்டு.

உள்ளே டாக்டர்
செங்கல்லைக் காலால் சற்று நகர்த்தி,
நாற்காலியை ஒருமுறை அழுத்திப் பார்த்து,
"வரச் சொல்லு எத்திராஜ்" என்றார்.